51 வெள்ளி முதலிடத்துக்கு வந்த கதை

நான் அச்சிட்டுத் தந்த கோவில் நன்கொடைப் பட்டியலில் 51 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்தவர்கள் மேலேயும் 10000 கொடுத்தவர் அடியிலும் வந்ததற்கு, ஞாயிற்றுக்கிழமை கோவில் கூட்டத்தில் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். நடந்ததை மறுபடி விவரிக்கப் போவதில்லை. புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் எல்லாரும் படித்துச் சிரித்தாகிவிட்டது. சுங்கை சிப்புட் ரொட்டி சானாய்க் கடை வரை செய்தி போய்விட்டது. எனக்குச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது: தரவில் பிழை இல்லை. அடுக்கியதில்தான் பிழை.

திருப்பணி நன்கொடை முழுவதும், தரவை மட்டும் வைத்திருக்கும் ஒரே எக்ஸ்எம்எல் கோப்பில் இருக்கிறது. ரசீது எண், பெயர், தொகை, தேதி, அவ்வளவுதான். யார் மேலே, யார் கீழே, எவர் பெயருக்குத் தடித்த எழுத்து என்பதெல்லாம் அதை அடுக்கிக் காட்டும் ஸ்டைல்ஷீட் என்ற தனிக் கோப்பின் வேலை. அதிலுள்ள ஒரு டெம்ப்ளேட் பொருளாளருக்கு ரசீது எண்படி அடுக்கித் தரும். இன்னொன்று அறிவிப்புப் பலகைக்குத் தொகைப்படி அடுக்கித் தரும். கோப்பில் யாரும் கை வைக்க வேண்டியதில்லை.

தொகைப்படி அடுக்கும் 'சோர்ட்' வரியில் 'நம்பர்' என்று குறிக்க மறந்தேன். ஒப்புக்கொள்கிறேன். குறிக்காவிட்டால், ஸ்டைல்ஷீட் எழுதும் மொழியான எக்ஸ்எஸ்எல்டி எண்ணையும் எழுத்தாகவே பார்க்கும். 1999-இல் அந்த மொழியின் தரநிலை வந்த நாளிலிருந்தே அப்படித்தான். எழுத்தாகப் பார்த்தால் 501-ஐவிட 51 பெரியது, இரண்டாம் இடத்தில் பூஜ்யத்துக்குப் பதில் ஒன்று இருப்பதால். 1001-க்கு மேல் 101 ஏறிக்கொண்டது. 10000 கொடுத்த பெரிய மனிதர் பட்டியலின் அடியில் போய் உட்கார்ந்தார். பூகம்பம் வந்ததே அதனால்தானே! ஒரு சொல் சேர்த்தால் தீர்ந்திருக்கும். ஐந்து நிமிடம் கேட்டேன், கொடுக்கவில்லை.

"எக்செல் போதாதா?" போதும், தாராளமாகச் செய்யுங்கள். இரண்டு ஆண்டுகளாக யாரும் முன்வராததால்தான் நான் செய்தேன். "ஒட்டுவதற்கு முன் ஒருமுறை பார்த்திருக்கலாமே?" பார்த்திருக்கலாம். சரி.

ஆனால் "தன் அம்மா பெயரை முதலில் போட்டுக்கொண்டான்" என்று ஒருவர் மைக்கில் சொன்னாரே, அதற்குப் பதில் சொல்லாமல் விட முடியாது. 51 வெள்ளி கொடுத்தவர்கள் பலர். தொகை சமமானால் பெயர்ப்படி அடுக்கும்படி எழுதியிருந்தேன். நம் நெடுங்கணக்கில் கடைசி மெய்யான 'ன', யூனிகோடில் 'ந'வுக்கு அடுத்தே இடம்பிடித்திருக்கிறது. ஸ்டைல்ஷீட்டை இயக்க என்னிடம் இருந்த செயலி அந்தக் குறியீட்டு வரிசையையே பின்பற்றியது. ஆகவே 'அன்' என்று தொடங்கும் அம்மாவின் பெயர், 'அம' என்று தொடங்கும் பெயர்களை முந்திவிட்டது. மொழி தமிழ் என்று அதே வரியில் குறிக்க இடமுண்டு. மதிப்பதும் மதிக்காததும் செயலியைப் பொறுத்தது. பத்து வயதிலிருந்து அந்தக் கோவிலில் இலை போட்டவன் நான். சதி செய்ய நினைத்திருந்தால் 51 வெள்ளிக்கா செய்வேன்?

அம்மா முப்பது ஆண்டுகள் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் பால் எடுத்தவர். சிறு வயதில் இருட்டோடு இருட்டாக அவருடன் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு முன் பெயர் வாசிக்கும் இடத்துக்கு, போயிருக்கிறேன். செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் பெயர் விடுபட்டால் அன்றைய சம்பளம் போயிற்று. கிராணி (தோட்ட எழுத்தர்) தன் பெயரை வாசிக்கும் வரை அம்மா பக்கத்தில் நிற்பவரிடம்கூடப் பேசமாட்டார். பட்டியலில் ஒரு பெயர் என்றால் என்னவென்று எனக்கு யாரும் பாடம் நடத்த வேண்டாம்.

இப்போது என்ன நடந்திருக்கிறது? ஸ்டைல்ஷீட்டைத் திருத்தச் சொல்லவில்லை. இரவோடு இரவாக எல்லாவற்றையும் கையால் தட்டச்சு செய்து புதிய பட்டியலை ஒட்டிவிட்டார்கள். 10000 மேலே போய்விட்டது, தடித்த எழுத்தில். மகிழ்ச்சி. கோப்பை வைத்துச் சரிபார்த்தேன். மூன்று பெயர்கள் விடுபட்டிருக்கின்றன. அதில் ஒன்று அம்மாவுடையது.

வெள்ளிக்கிழமை அம்மா கோவிலுக்குப் போவார், பலகையைப் பார்ப்பார். கோவில் செயலவையிலிருந்து யாராவது அதற்குள் வீட்டுக்கு வந்து அவரிடம் காரணத்தைச் சொல்லுங்கள். நான் சொல்லப் போவதில்லை.