அந்தப் பாம்பை ஏன் அடிக்கிறீர்கள்?

மழை பிடித்தால் போதும், நீலகிரியில் எங்கள் பந்தலூர், சேரம்பாடிப் பக்கத்து வாட்ஸப் குழுக்களில் அந்தப் படம் வந்துவிடும். ஒரு முழ நீளத்தில் கறுப்பாய் மினுங்கும் பாம்பு, தலை நசுங்கிக் கிடக்கும். "ராஜநாகக் குட்டி, நல்லவேளை அடிச்சாச்சு" என்று கீழே ஒரு வரி, அதற்கு வரிசையாகக் கைதட்டல். பார்க்கப் பார்க்க வயிறு எரிகிறது.

அது ராஜநாகமும் இல்லை, விரியனும் இல்லை. கேடயவால் பாம்பு. துளி விஷம் கிடையாது, தின்பது பெரும்பாலும் மண்புழு, முட்டையிடாமல் குட்டி போடும். வாழ்நாளில் பெரும்பகுதி மண்ணுக்கடியில்தான். மழையில் மண் ஊறிப்போனால் மேலே வரும், அப்போதுதான் நம் கண்ணிலும் வண்டிச் சக்கரத்திலும் மாட்டுகிறது. எங்கள் பக்கம் இதை இருதலைப் பாம்பு என்பார்கள். தலை கூராக ஒடுங்கியிருக்கும், வாலோ சாய்வாகச் சீவிய மூங்கில் முனை போல மழுங்கியிருக்கும், அவசரத்தில் எது தலை என்று தெரியாது. வாலைத் தலை என்று நினைத்து எதிரி கொத்தினாலும் உயிர் தப்பலாம் என்பதுதான் அதன் பிழைப்பே.

அந்த வால் இன்னொரு வேலையும் செய்கிறது. அதன் மேல் சொரசொரப்பான ஒரு தட்டு இருக்கிறது, அதில் மண் ஒட்டிக்கொள்ளும், பாம்பு வளைக்குள் போகும்போது பின்னாலிருந்து வருபவனுக்கு வழியை அடைத்துவிடும். தோண்டுகிற விதம் அதைவிட ஆச்சரியம். உடம்பின் முன்பகுதியில் தசை அதிகம், தோல் அசையாமல் நிற்க உள்ளே முதுகெலும்பு மட்டும் வளைந்து மடங்கும், உடம்பு தடித்து வளையின் சுவரை இறுகப் பிடித்துக்கொள்ளும், அந்தப் பிடிமானத்தில் தலையை முன்னே தள்ளும். கையில்லை, காலில்லை, நகமில்லை, வேர் பின்னிய மலைமண்ணைத் துளைத்துக்கொண்டு போகிறது. இதைத்தான் நாம் மண்வெட்டியால் இரண்டாக வெட்டிப் போடுகிறோம்.

உலகத்திலேயே தீபகற்ப இந்தியாவிலும் இலங்கையிலும் மட்டும்தான் இந்தக் குடும்பம் உண்டு. ஐம்பதுக்கும் மேற்பட்ட இனங்கள், பல இனங்களுக்கு ஒரே ஒரு மலைதான் வீடு. சிறுமலைக்கென்று ஒன்று, சேர்வராயன் மலைக்கென்று ஒன்று. வெயில் காயும் சமவெளியைத் தாண்டி அடுத்த மலைக்குப் போக இவற்றால் முடியாது. எங்களுக்கு எல்லை தாண்டினால் வயநாடு. அங்கே 2020இல் மட்டும் இரண்டு புது இனங்களை அறிவித்தார்கள். ஒன்றுக்கு, தாமரச்சேரி மலைப்பாதைக்கு வழிகாட்டிய பழங்குடித் தலைவர் என்று கதைகளில் வரும் கரிந்தண்டனின் பெயர். வேறெந்தப் பட்டத்தையும்விட இது எனக்குப் பிடித்திருக்கிறது. இத்தனை வருடம் மனிதர்கள் கொத்திக் கிளறிய மண்ணில் பெயரே இல்லாமல் இரண்டு பாம்புகள் இருந்திருக்கின்றன என்றால், பந்தலூர் மண்ணில் என்ன இருக்கிறது என்று யார் பார்த்தார்கள்?

இங்கே டான்டீ எனும் அரசுத் தேயிலைத் தோட்டக் கழகத்தின் லயன்களில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், இருக்கும் பெரியவர்களில் பலர் 1964 சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கை மலையகத்திலிருந்து வந்தவர்கள். அங்கும் தேயிலைத் தோட்ட மண்ணில் இதன் உறவுக்காரப் பாம்புகள் உண்டு. ஒரு பாட்டியிடம் படத்தைக் காட்டினேன். "இது அங்கயும் மண்ணு கொத்தும்போது வரும் தம்பி, ஒண்ணும் செய்யாது, ஒதுக்கி விட்டுருவோம்" என்றார். வெறும் கையால் மண்ணில் வேலை செய்தவர் சொல்கிறார். செல்போனை வைத்துக்கொண்டு நிற்பவர்கள்தான் அடிக்கிறார்கள்.

"விஷமா இல்லையா என்று பார்த்துக்கொண்டா நிற்க முடியும்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். தோட்டத்தில் குழிவிரியன் கடித்தவர்களை எனக்கும் தெரியும். சிவந்த வயிறுள்ள பவளப்பாம்பும் இந்த மலைகளில் உண்டு, அதற்கு விஷம் இருக்கிறது, ஆகவே எந்தப் பாம்பையும் கையால் தொடச் சொல்லவில்லை. தள்ளி நில்லுங்கள், வழி விடுங்கள், அது தானாகவே மண்ணுக்குள் போய்விடும். வீட்டுக்குள் வந்துவிட்டால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். அடிப்பதற்குக் கம்போடு பக்கத்தில் போவதுதான் ஆபத்து.

அப்புறம், கம்பு மட்டும் குற்றவாளி இல்லை. காட்டேஜ் கட்ட ஜேசிபி வைத்துச் சரிவை வழித்தெடுக்கிறார்கள். இந்தப் பாம்புக்கு வேண்டியது இலைமக்கு நிறைந்த, ஈரமான, பொலபொலப்பான மேல்மண். வழித்துப் போவது அதைத்தான். யானை வழித்தடம் என்றால் வழக்கு, கூட்டம், செய்தி எல்லாம் உண்டு, வேண்டும்தான், ஆனால் ஒரு மலையைத் தவிர வேறு போக்கிடமே இல்லாத உயிருக்காக ஒருவரும் வாய் திறப்பதில்லை.

தோட்டம் வைத்திருப்பவர்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். மட்கும் மரக்கட்டையைக் கொளுத்தாமல் அப்படியே போடுங்கள். களைக்கொல்லியைக் குறையுங்கள். குப்பைக்குழியைக் கிளறும்போது இதை அடிக்க வேண்டாம் என்று ஆட்களிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். அடுத்த முறை குழுவில் அந்தப் படம் வந்தால் கைதட்டாமல் இது என்ன பாம்பு என்று எழுதுங்கள். எழுதத் தயக்கமாக இருந்தால் இந்தப் பதிவையே அங்கே போடுங்கள், என் பெயர் கூட வேண்டாம்.