மிரர் சின்க் தப்பினால் 'கிரியேட்' போடச் சொல்லும் ஃபார்வர்டு தவறானது

பாலக்காடு மாவட்டத்தில் கஞ்சிக்கோடு, வாளையாறு பக்கம் சர்வர் பார்க்கிறவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு ஃபார்வர்டு சுற்றுகிறது: "லினக்ஸ் ரெய்டு 1 மிரர் பிரிந்தால், எம்டிஅட்ம் கிரியேட்டை இரண்டு டிஸ்க்குக்கும் மறுபடி ஓட்டுங்கள், தானே சரியாகும்."

சரியாகாது. ரெய்டு 1 மிரர் என்பது ஒரே தரவை இரண்டு டிஸ்க்கிலும் ஒன்றுபோல வைக்கும் ஏற்பாடு; அதை நிர்வகிக்கும் லினக்ஸ் கருவி எம்டிஅட்ம் (mdadm), புதிய மிரரை உருவாக்கும் அதன் கட்டளை கிரியேட் (--create). கிரியேட் பழைய மெட்டாடேட்டாவின் (மிரர் பற்றி டிஸ்க்கில் இருக்கும் குறிப்பு) மேல் புதிதாக எழுதிவிடும். எந்த டிஸ்க்கில் புதிய தரவு இருக்கிறது என்பதற்கான தடயமும் அதோடு போய்விடும். பின்தங்கிய டிஸ்க்கிலிருந்து ரீசின்க் (ஒரு டிஸ்க்கை மற்றதில் நகலெடுப்பது) ஓடினால், இன்றைய கணக்கின் மேல் போன வாரக் கணக்கு ஏறும். மிரரின் மெட்டாடேட்டா பழைய 0.90 வகையாக இருந்து, இப்போதைய இயல்பான 1.2 வகை எழுதப்பட்டால் தரவு தொடங்கும் இடமே மாறி, ஃபைல் சிஸ்டம் மவுண்டே ஆகாது (டிஸ்க்கைத் திறந்து ஃபைல்களைப் பார்க்க முடியாது).

இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையில் கரண்ட் போய்ப் போய் வரும்போது ஒரு டிஸ்க் கழன்று நிற்பது புதிதல்ல. மிரரின் நிலையைக் காட்டும் எம்டிஸ்டாட்டில் (/proc/mdstat) ஒரு 'யு' (U) போய் அடிக்கோடு (_) தெரியும். முதலில் பேக்கப். பிறகு மிரரில் உள்ள இரண்டு டிஸ்க் பார்ட்டிஷனிலும் எம்டிஅட்ம் எக்ஸாமின் (--examine) ஓட்டி 'ஈவென்ட்ஸ்' (Events) எண்ணை ஒப்பிடுங்கள்; குறைந்த எண் உள்ளதே பின்தங்கியது. டிஸ்க் தன் உடல்நலம் பற்றித் தரும் ஸ்மார்ட் (SMART) அறிக்கையில் சிஆர்சி (CRC) பிழை, அதாவது தரவு கடத்தும்போது வரும் பிழை, மட்டும் ஏறியிருந்தால் பெரும்பாலும் கேபிள்தான் குற்றவாளி, டிஸ்க்கைத் தூக்கி எறிய வேண்டாம். பென்டிங் செக்டர் (படிக்க முடியாமல் நிற்கும் இடங்கள்) கூடிக்கொண்டே போனால் டிஸ்க்கை மாற்றுங்கள். கழற்றும் முன் சீரியல் எண்ணைச் சரிபாருங்கள். டிஸ்க் நன்றாக இருந்தால் எம்டிஅட்மில் ரிமூவ் (மிரரிலிருந்து நீக்குதல்), பிறகு ரீ-ஆட் (திரும்பச் சேர்த்தல்). எந்தப் பகுதி மாறியது என்று குறித்துவைக்கும் பிட்மேப் இருந்தால் மாறிய பகுதி மட்டும் நகலாகும். இல்லையென்றால் ஆட் போட்டு முழு ரீசின்க் முடியக் காத்திருக்க வேண்டும்.

எம்டிஅட்ம் கட்டளைகளை அதன் மேன் பக்கத்திலேயே (லினக்ஸில் உள்ள கையேடு) பார்த்துக்கொள்ளலாம். அந்த ஃபார்வர்டை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள். அனுப்பியிருந்தால் அதே குழுவில் இந்தத் திருத்தத்தையும் போடுங்கள்.