கண்ணாடி முன் சொல்லும் வாக்கியம் எல்லாருக்கும் பலிக்குமா?

நாள்தோறும் கண்ணாடி முன் நின்று 'நான் திறமைசாலி' என்று சொல்லிவந்தால் தன்னைப் பற்றிய எண்ணமே மாறிவிடும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. இலங்கையின் மலையகத்தில், அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலையொன்றில் 14 ஆண்டுகளாகக் கணிதம் கற்பிப்பவள் என்ற முறையில் இதை முழுமையாக ஏற்க என்னால் இயலவில்லை. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உளவியலாளர் ஜோஆன் வுட் குழுவினர் 2009இல் வெளியிட்ட ஆய்வில், 'நான் அன்புக்குரியவள்' என்று திரும்பத் திரும்பச் சொன்னபோது தன்மதிப்பு மிகுந்தவர்கள் சற்றே நலமாக உணர, தன்மதிப்பு குறைந்தவர்களோ அப்படிச் சொல்லாதவர்களைவிடச் சோர்ந்துபோனார்கள். மருந்து யாருக்குத் தேவையோ அவர்களுக்கே அது ஒத்துக்கொள்ளவில்லை.

என் வகுப்பிலும் இதையே கண்டேன். சாதாரண தரப் பரீட்சைக்கு முன் 'எனக்குக் கணிதம் வரும்' என்று எல்லாப் பிள்ளைகளையும் உரக்கச் சொல்லவைத்தேன். கடைசி வாங்கில் இருந்தவளின் உதடுகள் அசைந்தன, குரல் எழவில்லை, பார்வை முழுவதும் சிவப்பு மையால் திருத்திய தவணைப் பரீட்சைத் தாளிலேயே கிடந்தது. அந்த முகத்தைப் பார்த்த பின் அப்பயிற்சியை நான் தொடரவில்லை.

அமெரிக்க உளவியலாளர் கிளோட் ஸ்டீல் 1988இல் முன்வைத்த தன்னுறுதிக் கோட்பாடு வேறு வகையானது. அதையொட்டிய பயிற்சிகளில் யாரும் தம்மைப் புகழ்ந்துகொள்வதில்லை. தாம் பெரிதாக மதிக்கும் ஒன்றைப் பற்றி எழுதுகிறார்கள். அப்படி எழுதச் சொன்னபோது அதே பிள்ளை, தாய் கொழுந்து பறிக்கப் போகுமுன் தம்பியைக் கம்பளியில் போர்த்திப் பிள்ளைக் காம்பராவில் (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகத்தில்) விட்டுவருவதைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதித் தந்தாள். அதன் பிறகு கரும்பலகைக்கு வர அவள் தயங்கவில்லை. புள்ளிகள் உயர்ந்தது மட்டும், பின்னங்களை மறுபடி முதலிலிருந்து சொல்லிக்கொடுத்த பின்னர்தான்.