சுந்தராம்பாளின் ழகரம்

போன வெள்ளிக்கிழமை விடியப்புறம் பத்திரகாளி அம்மன் கோயில் ஸ்பீக்கரில் பழைய நாடக, சினிமாப் பாடகி கே.பி.சுந்தராம்பாள் 'பழம் நீயப்பா' பாடிக்கொண்டிருந்தார். கடற்காற்று நன்றாக அடித்தது. அந்தக் காற்றில் வழக்கமாகப் பாதிச் சொற்கள் எங்கள் வீட்டுக்கு வந்து சேராது. இவர் பாடினால் ஒரு எழுத்தும் தவறுவதில்லை. 'பழம்' என்று உச்சியில் இழுக்கும்போதும் ழகரம் ழகரமாகவே நிற்கிறது.

அவர் குரல் எவ்வளவு மேலே போகிறது என்றுதான் எல்லோரும் கதைக்கிறார்கள். வீடியோக்களிலும் அந்த உச்ச இடத்தை மட்டும் வெட்டிப் போடுகிறார்கள். எனக்கு அது போதாது. தாரஸ்தாயியில், அதாவது அந்த மேல் சுரங்களில், நின்றுகொண்டு தெளிவாகத் தமிழ் சொல்கிறாரே, அதைக் கேளுங்கள்.

மேடை கொடுத்த பழக்கம் அது. 1908இல் கொடுமுடியில் பிறந்து, சின்ன வயதிலேயே நாடகத்துக்குப் போனவர். மைக் இல்லாத காலம். ஹார்மோனியத்தில் சுருதியை உயர்த்தி வைத்துத்தான் பாடுவார்கள். கொட்டகையின் கடைசியில் தரையில் இருக்கிறவருக்குப் பாட்டின் சொல் விளங்காவிட்டால் கதையே விளங்காது.

எங்கள் நாட்டுக்கும் இதில் ஒரு பங்குண்டு. 1926இல் இலங்கைக்கு நாடகம் போட வந்த இடத்தில்தான் நாடக நடிகர் எஸ்.ஜி.கிட்டப்பாவோடு சேர்ந்தார். அவரும் உச்சஸ்தாயியில் பாடுகிறவர். 1933இல் கிட்டப்பா இறந்தபோது சுந்தராம்பாளுக்கு 25 வயதுதான். அதன்பிறகு வெள்ளைச் சேலை. ஆண் நடிகரோடு ஜோடியாக நடிப்பதில்லை என்ற முடிவு. 1935இல் 'நந்தனார்' படத்தில் நந்தனாராகவே நடித்தார், சம்பளம் ஒரு லட்சம் ரூபாய். அப்புறம் 1953இல் 'ஔவையார்', சென்னை சட்ட மேலவை உறுப்பினர் பதவி, 1970இல் பத்மஸ்ரீ.

இந்தப் பாட்டு இடம்பெற்ற 'திருவிளையாடல்' படம் வந்த 1965இல் அவருக்கு வயது 56. வெள்ளிக்கிழமை நான் கேட்டது அந்தக் குரலைத்தான்.

பாட்டுப் போட்டிகளில் நடுவராக இருக்கிறவர்களிடம் கேட்கிறேன்: உச்சத்தைத் தொட்டவுடன் கைதட்டாதீர்கள், தொட்ட இடத்தில் சொல் இருக்கிறதா என்று பாருங்கள். அக்காவின் மகள் இதே பாட்டைப் போட்டிக்குப் பழகுகிறாள். கீபோர்டில் சுருதியை ஒரு கட்டை இறக்கி வைத்தும் மேலே போனவுடன் 'பளம்' ஆகிவிட்டது. "ராகத்தை விடு பிள்ளை, முதலில் வரியை வாசி" என்றேன். விறாந்தைப் படியில் இருந்து சத்தமாக நாலைந்து தரம் வாசித்தாள். பிறகு பாடினாள். சுருதி கொஞ்சம் இறங்கித்தான் போனது. ஆனால் ழகரம் வந்துவிட்டது, குசினிக்குள் இருந்த அம்மாவுக்கும் கேட்டது.