நோயாளியோடு கல்ச்சர் ரிப்போர்ட்டும் போக வேண்டும்

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நோய் முற்றியவர்கள் கடைசிவரை ஒரே ஆஸ்பத்திரியில் இருப்பது அரிது. பாலக்கோட்டிலோ பென்னாகரத்திலோ சேர்க்கப்பட்டவர் தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பப்படுகிறார், அங்கிருந்து சேலத்துக்குப் போகிறார். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக்காரர்கள் பெங்களூருக்குப் போகிறார்கள். செலவு தாங்காமல் அங்கிருந்து மூக்குக் குழாயும் சிறுநீர்க் குழாயும் மாட்டியபடியே ஊர் திரும்பி, நம் பக்கத்து ஆஸ்பத்திரிகளில் மறுபடி சேர்கிறவர்களும் உண்டு. 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் நோயாளி இப்படி மேலும் கீழுமாக அலையும்போது, அவர் குடலிலும் குழாயிலும் ஒட்டியிருக்கிற கிருமியும் கூடவே அலைகிறது. அந்தக் கிருமி எந்த மருந்துக்குக் கட்டுப்படும், எதற்குக் கட்டுப்படாது என்ற தகவல் மட்டும் பெரும்பாலும் பழைய ஆஸ்பத்திரியிலேயே தங்கிவிடுகிறது.

இந்த வட்டாரத்தில் நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் வேலை செய்கிறவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். ஆன்டிபயாடிக் எதிர்ப்பு, அதாவது கிருமிகள் மருந்துக்குக் கட்டுப்படாமல் போவது, என்றதும் மருந்துக்கடையில் சீட்டில்லாமல் மாத்திரை வாங்குவதைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறோம். அது பேசப்பட வேண்டியதுதான். ஆனால் ஐ.சி.யூ.வில் உயிரைப் பறிக்கிற கிருமிகள் ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி பரவுகிற பாதையைக் கண்காணிப்பது வேறொரு வேலை. அந்த வேலை நம் மாவட்டங்களில் இன்னும் முறையாகக் கால் ஊன்றவில்லை என்பதே என் கவலை.

கண்காணிப்பின் அடிப்படை, ஒரு வட்டமான கண்ணாடித் தட்டில் இருக்கிறது. நோயாளியின் ரத்தத்திலிருந்தோ சளியிலிருந்தோ வளர்த்தெடுத்த (இப்படி வளர்ப்பதைத்தான் கல்ச்சர் என்கிறோம்) கிருமியை அதில் சீராகப் பூசி, மருந்து தோய்த்த சிறு காகித வில்லைகளை மேலே வைத்து, ஓர் இரவு 35 டிகிரி வெப்பத்தில் வைத்திருப்போம். மருந்துக்குக் கட்டுப்படுகிற கிருமியென்றால், மறுநாள் வில்லையைச் சுற்றிக் கிருமி வளராத தெளிவான வளையம் தெரியும். ஆஸ்பத்திரிகளில் நுரையீரல், ரத்தத் தொற்றுகளைத் தருகிற கிளெப்சியெல்லா என்ற கிருமிக்கு, மெரோபெனம் என்ற வீரியமான ஆன்டிபயாடிக் வில்லையைச் சுற்றி 23 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ வளையம் இருந்தால் மருந்து வேலை செய்யும் என்று பொருள். 19 அல்லது அதற்குக் கீழே என்றால் செய்யாது. வளையமே இல்லாமல், வில்லையின் விளிம்புவரை சாம்பல் நிறத்தில் கொழகொழவென்று கிருமி வளர்ந்து நிற்கிற தட்டைக் கையில் எடுக்கும்போது, அந்தப் படுக்கையில் இருப்பவருக்கு இனி என்ன மருந்து மிச்சமிருக்கிறது என்ற எண்ணம்தான் முதலில் வரும். மிச்சமிருப்பது பல நேரங்களில் கொலிஸ்டின் போன்ற, சிறுநீரகத்தைப் பதம் பார்க்கக்கூடிய பழைய மருந்துதான்.

இந்த எதிர்ப்பைத் தரும் மரபணுக்கள் பலவும் பிளாஸ்மிட் என்ற சிறு டி.என்.ஏ. வளையத்தில் இருப்பதால், ஒரு கிருமி இன்னொரு இனக் கிருமிக்கே அதைக் கைமாற்றிக் கொடுத்துவிடும். என்.டி.எம்.-1 (நியூ டெல்லி மெட்டல்லோ பீட்டா-லாக்டமேஸ்) என்ற அத்தகைய மரபணுவைப் பற்றி 2010இல் வெளியான ஆய்வில், சென்னையிலிருந்து மட்டும் 44 கிருமி மாதிரிகளில் அது இருப்பது பதிவாயிற்று. பெயரில் டெல்லி இருப்பது நாட்டுக்கு இழுக்கு என்று அப்போது எழுந்த சத்தத்தில், அது நம் ஆஸ்பத்திரிகளில் எப்படிப் பரவுகிறது என்ற கேள்வி பின்னுக்குப் போய்விட்டது.

பரவும் பாதையைக் கண்டுபிடிக்க முடியும் என்பதற்கு 2011இல் அமெரிக்காவின் தேசியச் சுகாதார நிறுவன மருத்துவமனையில் நடந்தது நல்ல சான்று. மருந்துக்குக் கட்டுப்படாத கிளெப்சியெல்லாவோடு நியூயார்க்கிலிருந்து ஒரு நோயாளி அங்கே மாற்றப்பட்டார். அவர் வீடு திரும்பி மூன்று வாரம் கழிந்த பிறகே அடுத்த நோயாளியிடம் அந்தக் கிருமி தென்பட்டது. அவரையும் சேர்த்து மொத்தம் 18 பேரிடம் அது காணப்பட்டு, 11 பேர் இறந்தார்கள்; அவர்களில் 6 பேரின் சாவுக்கு அந்தக் கிருமியே காரணம். கிருமிகளின் முழு மரபணுத் தொடரையும் படித்துப் பார்த்தபோதுதான், அந்த ஒரே நோயாளியிடமிருந்து மூன்று தனித்தனி வழிகளில் அது பரவியிருந்தது தெரிந்தது. கிருமி இருப்பது முன்கூட்டியே தெரிந்து, தனிமைப்படுத்தியும் வைத்திருந்த ஆஸ்பத்திரியிலேயே இந்த நிலை. அப்படியிருக்க, வருகிற நோயாளி எதைச் சுமந்து வருகிறார் என்பதே தெரியாத வார்டில் என்ன நடக்கும் என்பதை யோசித்துப் பார்க்க வேண்டும்.

நம் நாட்டில் கண்காணிப்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2013இலிருந்து ஒரு வலையமைப்பை நடத்திவருகிறது. அதன் அறிக்கைகளின்படி, மெரோபெனத்தின் வகையைச் சேர்ந்த இமிபெனம் மருந்துக்குக் கட்டுப்படும் கிளெப்சியெல்லா 2016இல் 65 விழுக்காடாக இருந்து 2021இல் 43 விழுக்காடாகச் சரிந்தது. ஆனால் இந்த எண்கள் பெரும்பாலும் பெரிய மருத்துவமனைகளிலிருந்து, ஏற்கெனவே பல மருந்துகளைப் பார்த்துவிட்டு வந்தவர்களிடமிருந்து கிடைப்பவை. அரூரில் முதல் ஊசியைத் தேர்ந்தெடுக்க வேண்டிய மருத்துவருக்கு அவை நேரடியாக உதவாது. அவருக்கு வேண்டியது இந்த வட்டாரத்தின் கணக்கு. அந்தக் கணக்குக்கும் ஒழுங்கு உண்டு. ஒரு நோயாளியின் ஒரே கிருமியைப் பல முறை எண்ணக் கூடாது, முதல் மாதிரியை மட்டுமே சேர்க்க வேண்டும். ஓர் இனக் கிருமியில் 30 மாதிரியாவது இல்லாமல் விழுக்காடு போடக் கூடாது. முக்கியமாக, முதல் ஆன்டிபயாடிக் ஊசிக்கு முன்பே ரத்த மாதிரி எடுக்க வேண்டும். நான்கு நாள் மருந்து கேட்காமல் போன பிறகுதான் கல்ச்சர் அனுப்புவது என்ற பழக்கம் இருக்கும்வரை, கணக்கில் முரட்டுக் கிருமிகள் மட்டுமே நிறைந்திருக்கும், நல்ல மருந்துகளையும் நாம் வீணாகக் கைவிடுவோம்.

சிறிய ஆஸ்பத்திரிகள் தனியாக 30 மாதிரி சேர்ப்பது கடினம். அதனால்தான் மாவட்டம் முழுவதற்கும் ஒரே கணக்கு வேண்டும் என்கிறேன். தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன, இரண்டிலும் நுண்ணுயிரியல் துறை இருக்கிறது. முடிவுகளைத் தொகுக்க உலகச் சுகாதார நிறுவனத்தின் ஹூநெட் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. தனியார் ஆய்வகங்களும் நோயாளியின் பெயரை நீக்கிவிட்டுத் தங்கள் முடிவுகளைக் கொடுத்தால், ஆண்டுக்கு ஒரு முறை இரண்டு பக்க அட்டவணையாக அது எல்லா மருத்துவர்களின் மேசைக்கும் போய்ச் சேரலாம். கெட்ட பெயர் வந்துவிடும் என்று தனியார் ஆஸ்பத்திரிகள் தயங்குவது எனக்குத் தெரியும். அதிகம் தேடுகிற இடத்தில்தான் அதிகம் அகப்படும். எதுவுமே அகப்படவில்லை என்கிற ஆஸ்பத்திரியைத்தான் நான் சந்தேகத்தோடு பார்ப்பேன்.

அட்டவணை வருவதற்குக் காலம் பிடிக்கலாம், மாற்றல் சீட்டைத் திருத்துவதற்குப் பிடிக்காது. ஒரு தனியார் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘ஐ.வி. ஆன்டிபயாடிக்குகள் கொடுக்கப்பட்டன’ என்ற ஒற்றை வரியைத்தான் பார்த்தேன். எந்த மருந்து, எத்தனை நாள், கல்ச்சரில் என்ன வந்தது, ஒன்றும் இல்லை. எந்த மாதிரியில், எந்தத் தேதியில், எந்தக் கிருமி, எந்தெந்த மருந்துக்குக் கட்டுப்படவில்லை என்பது சீட்டின் முதல் பக்கத்திலேயே இருந்தால், வாங்கிக்கொள்கிற ஆஸ்பத்திரி அவருக்கு வார்டில் ஓரப் படுக்கை கொடுத்து, தனி ஸ்டெதாஸ்கோப்பும் பி.பி. பட்டையும் ஒதுக்கி, முதல் மணி நேரத்திலேயே சரியான மருந்தைத் தொடங்க முடியும். கல்ச்சர் முடிவு வர இரண்டு மூன்று நாளாகும், அதற்குள் நோயாளி வேறு ஊர் போயிருப்பார். ஆகவே முடிவு நிலுவையில் இருந்தால், ஆய்வகத்தின் தொலைபேசி எண்ணையும் மாதிரி எண்ணையும் சீட்டில் எழுதித் தர வேண்டும். முடிவு வந்த அன்றே, நோயாளி போயிருக்கிற ஆஸ்பத்திரியை அழைத்துச் சொல்வது அனுப்பிய ஆஸ்பத்திரியின் பொறுப்பு என்று இரண்டு மாவட்டங்களின் சுகாதாரத் துறை அதிகாரிகளும் எழுத்துமூலம் உத்தரவிட வேண்டும்.