ஊத்தங்கரை வெள்ளத்துக்கு சாத்தனூர் டேம் காரணம் இல்லைங்க

2024 ஃபெஞ்சல் புயல்ல சாத்தனூர் டேமை திறந்ததாலதான் ஊத்தங்கரைல வேன், காரெல்லாம் அடிச்சிட்டு போச்சுன்னு மேல ஒரு அண்ணன் போட்டிருக்காரு. அப்படி இல்லைங்கண்ணா. சாத்தனூர் டேம் தென்பெண்ணை ஆத்துல நமக்கு கீழ இருக்கு, ஆறு கிருஷ்ணகிரி கேஆர்பி டேம், காவேரிப்பட்டணம், இருமத்தூர்னு நம்ம பக்கமெல்லாம் தாண்டித்தான் அங்க போகுது, அங்க திறந்தா தண்ணி திருக்கோவிலூர், கடலூர் பக்கம் போகுமே தவிர மேடேறி ஊத்தங்கரைக்கு வராது. மேப்புல ஆத்தை பிடிச்சிட்டே போய் பாருங்க, தெரிஞ்சிரும். டேம் திறக்கறப்ப ஒழுங்கா எச்சரிச்சாங்களான்னு கீழ இருக்கற சனங்க கேக்கறது நியாயம்தான், அது வேற விசயம். இங்க கொட்டுன மழைல ஏரி நிரம்பி ரோட்டுக்கு வந்துச்சு. வானிலை மையம் டிசம்பர் 2 காலைல குடுத்த மழை அளவை எடுத்து பாருங்க, ஊத்தங்கரை 24 மணி நேரத்துல 50 செ.மீ.