உப்பில் மூலக்கூறு எங்கே?
"எந்தப் பொருளை உடைத்துக்கொண்டே போனாலும் கடைசியில் அதன் மூலக்கூறுதான் மிஞ்சும்" என்று ஒரு கட்டுரையில் படித்தேன். மூலக்கூறு என்றால் ஒன்றோடொன்று பிணைந்த அணுக்களின் தனிக் குழு. தண்ணீருக்கு அந்த வரி சரி, உப்புக்குச் சரிவராது. உப்புப் படிகத்தில் ஒரு சோடியம் அயனியை (மின்னூட்டம் கொண்ட அணுவை)ச் சுற்றி 6 குளோரைடு அயனிகள், ஒவ்வொரு குளோரைடைச் சுற்றியும் 6 சோடியம் அயனிகள். இதில் எது எதற்கு ஜோடி? NaCl என்ற வேதி வாய்பாடு சொல்வது சோடியமும் குளோரைடும் 1:1 என்ற விகிதத்தை மட்டும்தான். நானும் என் மகளுக்குத் தப்பாகத்தான் சொல்லிக்கொடுத்திருந்தேன்; அப்புறம் பொடி உப்பை லென்ஸில் வைத்து, அந்தக் குட்டிக் குட்டிக் கனசதுரங்களைக் காட்டியபோதுதான் அவளுக்குப் பிடிபட்டது. வைரத்துக்கும் அந்த வரி சரிவராது. அதில் ஒவ்வொரு கார்பன் அணுவும் 4 கார்பன் அணுக்களோடு பிணைந்து, கல் முழுக்க ஒரே வலையாகப் போகிறது. தனித்தனி மூலக்கூறு என்று அங்கே எதையும் பிரித்துக் காட்ட முடியாது.